கும்பாரேயின் சேவல்

டோரோ யபுட் ஜெத்தாவிலிருந்து திரும்பிய சில நாட்களிலேயே லூமெங் அக்காவின் பில்லியர்ட்ஸ் பந்தாட்டக் கூடத்துக்குப் போய்த் தோற்றான். அவன் ஏன் தோற்றான் என்பதை ஊரில் இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கண் போய்விட்டது என்பார் சிலர். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்பார் சிலர். இரண்டும் சரியல்ல. வேண்டுமென்று விட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றைக்கு உண்மையாகவே அவன் கையில் ஒன்றும் இல்லை.

பம்பங்கா மாகாணத்தில் அவன் கையைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் குறைவு. கோலை நிதானமாகப் பின்னுக்கு இழுப்பான். இழுத்த இடத்தில், வந்த வேலை மறந்துபோனவன் போல ஒரு கணம் நிற்பான். பிறகுதான் கோல் முன்னே போகும். பந்தில் படும்போது முற்றிய தேங்காயை விரலால் தட்டினாற்போல ஒற்றைச் சத்தம் கேட்கும். வெளியே முச்சக்கர வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே, "டோரோ ஆடுறான்" என்று இறங்கி உள்ளே வருவார்கள்.

ஜெத்தாவில் பதினொரு வருஷம் வெல்டிங் வேலை. அங்கே கோலைத் தொடவே இல்லை. திரும்பி வந்து, கையில் பவுடர் பூசிக்கொண்டு மேஜையின் மேல் குனிந்தபோது, கோல் அவன் கையில் முரண்டு பிடித்தது. இழுத்தான், நிற்கவில்லை, இழுத்த வேகத்திலேயே குத்தினான். வெள்ளைப் பந்து பக்கவாட்டில் துள்ளி ஓடியது.

எதிரே ஆடிய பெபெங்குக்கு வாய் நிறையச் சிரிப்பு. முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். அந்தக் காலத்தில் டோரோவின் கோலைத் துடைத்துக் கொடுத்தவன்.

"அண்ணே, அது வெல்டிங் கம்பி இல்லண்ணே, பந்தாட்டக் கோலு. பத்த வெச்சிராதீங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"பெபெங், வாய மூடிக்கிட்டு ஆடு" என்றாள் லூமெங் அக்கா. "மனுசன் இப்பத்தான் விமானத்த விட்டு இறங்கியிருக்கான்."

"இறங்கினது சரிக்கா. கை இன்னும் விமானத்துலயே இருக்கே."

சுவரோரமாக, மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் கொன்ராடோ லான்சாங்கன் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய நாற்காலி. அவர் இல்லாதபோதும் அதில் யாரும் உட்காருவதில்லை. மணல் லாரிகளுக்குச் சொந்தக்காரர். சண்டைச் சேவல் வளர்க்கிறவர். அவர் சிரிக்கவில்லை. டோரோவின் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்து அவன் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து, புண்ணைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஊரு வெயிலு உன் கைய வத்த வெச்சிருச்சே, கும்பாரே."

"வயசாயிருச்சு, கும்பாரே" என்றான் டோரோ.

அவர் எல்லோருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். டோரோ வீட்டுக்கு நடந்தான். தோற்றவன் போல நடக்கவில்லை. தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்தவன் போல நடந்தான். கை போய்விட்டது. கை போனால் தானும் விடுதலை.

ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில், பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கும்பாரே ஆகிறார்கள். கூடப் பிறந்தவனைவிட நெருக்கமான உறவு. சிலருக்கு முதலாளியைவிடப் பாரமான உறவு.

எரிமலைச் சேறு மலையிலிருந்து இறங்கி ஊரை விழுங்கிய அந்த அக்டோபரில், டோரோவின் மனைவி கிளாரிட்டாவுக்கு வலி கண்டிருந்தது. சேறு ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. கூரையில் அவளைக் கிடத்தி வைத்துக்கொண்டு டோரோ கத்தினான். எந்த வண்டியும் அந்தப் பக்கம் வரத் துணியவில்லை. கொன்ராடோ தன் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பாதை எது, ஆறு எது என்று தெரியாத சேற்றில், மூழ்காமல் நின்ற விளக்குக் கம்பங்களின் தலைகளை அடையாளமாக வைத்து ஓட்டினார். குழந்தை லாரியின் முன்னிருக்கையில் பிறந்தது. தொப்புள்கொடியைச் சுற்றிக் கட்டியது அவருடைய சட்டைத் துணி. ஜோவெலினுக்கு அவரைத் தவிர வேறு யாரை ஞானத்தகப்பனாகக் கூப்பிட முடியும்?

அந்த நன்றிக்கடனைத் திருப்பித் தா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "அடுத்த வாரம் தார்லாக்ல திருவிழா, கும்பாரே. ஒரு ஆட்டம் இருக்கு" என்பார். அவ்வளவுதான். டோரோ போவான்.

பந்தயம் கட்டுகிறவர் தன் ஆட்டக்காரனைச் சேவல் என்று சொல்வது அங்கே வழக்கம். கொன்ராடோ சொல்வதோடு நிறுத்தவில்லை. கையில் கொப்புளம் வரும் என்று வெல்டிங் வேலையை விடச் சொன்னார். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் சேவல் கூடுகளுக்குப் பின்னாலிருந்த அறையில் தங்க வைத்தார். அவித்த முட்டை வரும், வெந்நீர் வரும், கைக்குத் தைலம் வரும். மனைவி மட்டும் வரக் கூடாது. திருவிழாக்களுக்கு முடிவில்லாத நாடு அது. ஊர் ஊராகப் போனான். ஜோவெலின் அவனைப் பார்த்தால் அழ ஆரம்பித்தாள். யாரோ புது ஆள் என்று.

பத்தங்காஸில் பெரிய ஆட்டம் நடந்த வாரம் டோரோவின் அப்பா இறந்துபோனார். ஊரிலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறான். கொன்ராடோ அவனை வாசலிலேயே நிறுத்தி, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆட்டம் முடிந்து, ஜெயித்து, தோளில் தூக்கிச் சுற்றி இறக்கிய பிறகுதான் சொன்னார். "உன் மனசு கலங்கிரக் கூடாதுன்னுதான், கும்பாரே." டோரோ ஊர் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. அடக்கச் செலவெல்லாம் கொன்ராடோவே பார்த்திருந்தார். நல்ல பெட்டி, பாட்டுக்கு ஆட்கள். டோரோ அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். வேறென்ன சொல்வது?

அதன் பிறகுதான் ஜெத்தா. பிள்ளையின் படிப்புக்காக என்றான். கொன்ராடோ அதற்கும் பன்றி வெட்டி விருந்து வைத்தார்.

"போயிட்டு வா. மேஜைக்குக் கால் இருக்குதே தவிர அது எங்கயும் ஓடிறாது" என்று வழியனுப்பினார்.

இப்போது திரும்பி வந்தாயிற்று, கையும் போயிற்று. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை போட்டு வாயிற்கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் செய்ய ஆரம்பித்தான். கிளாரிட்டா முகத்தில் அமைதி தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்திருக்கும், லூமெங் அக்காவின் கூடம் கூப்பிடு தூரத்தில் இல்லாதிருந்தால்.

வெல்டிங் தீயை அணைத்ததும் சத்தம் வரும். பந்தும் பந்தும் மோதும் சத்தம். யாரோ சரியாக அடிக்கிறான், யாரோ தப்பாக அடிக்கிறான் என்று காது தானாகப் பிரிக்கும். தப்பாக அடித்த சத்தம் கேட்டால் அவன் முழங்கை லேசாகத் துடிக்கும். முதலில் அதை அவன் கவனிக்கவில்லை. பிறகு கவனிக்காதது போல இருந்தான்.

ஒருநாள் அடுப்படிக்குப் பின்னால், சோடா பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்து, மெல்லிய கம்பி ஒன்றைக் கோலாகப் பிடித்து, பாட்டில் வாய்க்குள் விட்டுவிட்டு எடுத்தான். கழுத்தில் படாமல் உள்ளே போய் வந்தால் வீச்சு நேர். பட்டால் கோணல். எல்லாப் பையன்களும் இப்படித்தான் கற்றுக்கொள்வது. கம்பி ஒவ்வொரு முறையும் கிணுங்கென்று பட்டது.

கிளாரிட்டா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. கம்பி நேரா இருக்கான்னு பாக்கறேன்."

"பாட்டிலுக்குள்ள விட்டா பாப்பாங்க?"

அவன் கம்பியை மறுபடி உள்ளே விட்டான். கிணுங்.

"டோரோ, இங்க பாரு. உனக்குக் கை போயிருச்சுன்னு அந்த மனுசன் நம்பிட்டாரு. ஊரே நம்பிருச்சு. கடவுளே பாத்து ஒரு கதவத் தொறந்து விட்டிருக்காரு. நீ வெளிய வராம அந்தக் கதவுல எண்ணெய் போட்டுக்கிட்டு நிக்கிற."

"நான் யாருக்கும் ஆடப் போறதில்ல. எனக்கு மட்டும். கை வந்துருச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சாப் போதும்."

அவள் களைந்த தண்ணீரை வேண்டுமளவுக்கு மேல் வேகமாகக் கொட்டினாள். "அவரு காதுக்கு எட்டாமப் பாத்துக்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல."

எட்டாமல் பார்த்துக்கொள்வது எளிதாக இல்லை. கூடத்துக்குப் போகாமல் இருந்தால், ஏன் வரவில்லை என்று கொன்ராடோ ஆள் அனுப்புவார். அதனால் போனான். போனால் ஆடச் சொல்வார்கள். ஆடினான். ஆடினால் தப்பாக ஆட வேண்டும். கோல் பந்தைத் தொடுகிற கடைசி நொடியில் மணிக்கட்டை மயிரிழை திருப்பினான். பார்க்கிறவனுக்குத் தெரியாத திருப்பம். பந்து குழியின் உதட்டில் பட்டு நின்றுவிடும்.

"ஐயோ, பாவம்! வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வர மாட்டேங்குதே" என்பான் பெபெங். "அண்ணே, உங்க பந்துக்கும் மாமியா வீடா அது?"

மாலை தவறாமல் கொன்ராடோ வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூட்டுவாதக் காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொள்வார். ஒன்றும் பேச மாட்டார். ஒருமுறை மட்டும், டோரோ குழிக்கு முன்னால் கிடந்த பந்தைத் தவறவிட்டபோது, மெதுவாகச் சொன்னார்:

"நீ தப்பா அடிக்கறதுகூட அழகாத்தான் இருக்கு, கும்பாரே."

டோரோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவருக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது வருத்தத்தில் சொல்கிறாரா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. அடுத்த பந்தை இன்னும் அசிங்கமாக அடித்தான்.

இதில் ஒரு கேடு இருந்தது, அதை அவன் தாமதமாகத்தான் கண்டான். கூடத்தில் பழகிய அந்த மணிக்கட்டுத் திருப்பம் வீட்டுக்கும் கூட வந்தது. அடுப்படிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், நேராக விட நினைத்துத்தான் கம்பியை விட்டான். கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்பியது. கிணுங். மறுபடி விட்டான். கிணுங். பொய்யை மணிக்கட்டு நன்றாகப் படித்துக்கொண்டுவிட்டது. உண்மை அடி எங்கேயாவது மிச்சம் இருந்தால், இந்தப் பொய் அதையும் தின்றுவிடும். அன்று அவன் சாப்பிடவில்லை.

பாட்டிலால் ஆகாது, மேஜை வேண்டும். பந்து வேண்டும். பார்க்கிற கண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. லூமெங் அக்காவின் கூடம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். வெள்ளம் வந்த வருஷம்கூட மேஜைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து ஆடினார்கள். அடைத்திருப்பது ஒரே நாள்தான். பெரிய வெள்ளிக்கிழமை.

கேட்டபோது லூமெங் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவர் செத்த நாள்லயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"சாயங்காலம் இல்லக்கா. காலைல. எல்லாரும் முதுகுல அடிச்சுக்கிட்டுப் போறவங்களப் பாக்கப் போயிருவாங்க. எதிர்ப் பந்தல்ல ஆண்டவர் பட்ட பாடுகளச் சொல்ற பாட்டு ஒலிபெருக்கில ஓடிக்கிட்டிருக்கும். ஒரு சத்தமும் வெளிய வராது."

"அன்னிக்கு ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா..." அவள் நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கணவனை இழந்த பிறகு இந்தக் கூடத்தை அவள் தனியாக நடத்துகிறாள். ஆட்டக்காரர்களின் முகம் அவளுக்குப் புதிதல்ல. "அவ்வளவு வேணுமா அது?"

"வேணும்."

அவள் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "மூணு மணி ஆண்டவர் உயிர் விட்ட நேரம், பாட்டு நிக்கும். பாட்டு நிக்கறதுக்குள்ள பூட்டிட்டுப் போயிரு. மூணுக்கு மேல பந்துல கை வெச்ச, எனக்குப் பாவம் பாதி வந்து சேரும். என் பேரும் போகும்."

"பாட்டு நிக்கறதுக்குள்ள போயிருவேன்."

அன்றைக்கு வெயில் தகரத்தை உருக்கியது. தெருவில் வெறுங்கால்களோடு, முகத்தை மூடி, முதுகைச் சாட்டையால் அடித்துக்கொண்டு போகிறவர்களின் பின்னால் ஊர் திரண்டு போயிற்று. கொன்ராடோவின் லாரிகள் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அவர்களுக்குப் பின்னால் போயின. எதிரே ஓலைப் பந்தலில் பெண்கள் முறை மாற்றி முறை பாடிக்கொண்டிருந்தார்கள். டோரோ பின்வாசல் வழியாக நுழைந்து கதவைச் சாத்தினான்.

அந்த வாரம் கோவிலில் சுரூபச் சிலைகளை மூடியிருப்பது போல லூமெங் அக்கா மேஜைகளை விரிப்புகளால் மூடியிருந்தாள். ஒன்றை மட்டும் விலக்கினான். விளக்குப் போடவில்லை. ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் போதும்.

முதலில் எல்லாம் பழைய கேடுதான். மணிக்கட்டு திரும்பியது. குழிக்கு வெகு தூரத்தில் பந்துகள் நின்றன. வியர்வை மேஜைத் துணியில் சொட்டியது. ஒரு கட்டத்தில் கோலை மேஜைமேல் எறிந்துவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எழுந்து, வெள்ளைப் பந்தைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்தான். குழியும் வேண்டாம், குறியும் வேண்டாம். வெள்ளைப் பந்தை நேராக மேஜையின் எதிர் விளிம்புச் சுவருக்கு அடித்தான். அது திரும்பி வந்து கோலின் நுனியைத் தொட வேண்டும். தொடவில்லை. பக்கம் விலகி வந்தது. மறுபடி. மறுபடி. வெல்டிங் பிடியைத் தளர்த்தினான்; பறவைக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தான். தோள் பழைய இடத்துக்குப் போகாது என்று தெரிந்தது. சரி, போகிற வரைக்கும் போகட்டும்.

வெளியே பெண்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டு அப்படித்தான். ஓர் அடி இழுத்துப் பாடுவார்கள், மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்துவார்கள், அடுத்த அடி. இழுப்பு, நிறுத்தம், அடுத்தது. எப்போது என்று தெரியாமல் அவன் கை அதோடு சேர்ந்துகொண்டது. பெண்கள் இழுத்தபோது கோல் பின்னே வந்தது. அவர்கள் மூச்சு வாங்கியபோது நின்றது. அவர்கள் தொடங்கியபோது போயிற்று.

அந்தச் சத்தம் வந்தது.

வெள்ளைப் பந்து எதிர்ச்சுவரில் பட்டு, வந்த வழியே வந்து, கோலின் நுனியைத் தொட்டு நின்றது. டோரோ அசையாமல் குனிந்தபடியே இருந்தான். கண்ணில் வியர்வை போயிற்று, துடைக்கவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி வந்து தொட்டது.

பந்துகளை எடுத்து விரித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படி எல்லாம் உள்ளே போயின. மீண்டும் எடுத்து விரித்தான். திருப்பம் போய்விட்டது. அது எங்கே போயிற்று என்றுகூட யோசிக்கவில்லை. சிரித்தான் போலிருக்கிறது, யார் பார்த்தார்கள்? ஜெத்தா இல்லை, சேவல் கூடு இல்லை, அப்பாவின் பெட்டி இல்லை. இழுப்பு, நிறுத்தம், அடி. பாட்டு அவன் கைக்குள் போய்விட்டது. வெளியே அது எப்போதோ நின்றுபோயிருந்தது.

கடைசிப் பந்து, ஒன்பதாம் எண் பந்து, மேஜையின் நீண்ட விளிம்பை ஒட்டிக் கிடந்தது. மிக மெல்ல அடிக்க வேண்டிய பந்து. அடித்தான். அது விளிம்பை உரசியும் உரசாமலும், அவசரமே இல்லாமல், தூரத்து மூலைக்குழியை நோக்கி உருண்டது.

அப்போதுதான் கேட்டது. கட்டையில் கட்டை தட்டும் சத்தம். மணி அடிக்கக் கூடாத அந்த ஒரு நாளில், மணிக்குப் பதிலாகத் தட்டும் மரக்கட்டை. இறந்த ஆண்டவரின் சுரூபம் தேரில் வருகிறது. தெருமுனையில் இல்லை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம். வானொலி இல்லை, வண்டி இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பேர் வாய் திறக்காமல் நடக்கும் காலடிச் சரசரப்பு மட்டும்.

பந்து இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அவன் கைக்கு எட்டுகிற தூரம். கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. அது அவ்வளவு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பந்து குழியில் விழுந்தது. விழுந்து, மேஜையின் வயிற்றுக்குள்ளே இருந்த மரவாய்க்கால் வழியாகக் கடகடவென்று உருண்டு, மற்றப் பந்துகள் மேல் மோதி நின்றது.

மரக்கட்டை நின்றது. காலடிகள் நின்றன.

"உள்ள யாரோ பந்தாடுறாங்க" என்றது ஒரு பெண் குரல்.

"இன்னிக்கா? ஆண்டவரே!"

"லூமெங், உன் கூடந்தானே இது? யாரு உள்ள?"



"பிசாசா இருக்கும்" என்றான் பெபெங். அன்றைக்கு அவன் குரலிலும் விளையாட்டு இல்லை. "கதவ ஒடச்சுப் பாத்துரலாம்."

கதவில் ஒரு கை விழுந்தது. டோரோ கோலைப் பிடித்தபடி நின்றான். பின்வாசலுக்கு ஓடலாம்; தெரு நிறைய ஆட்கள். ஆண்டவர் இறந்து கிடக்கும்போது சூதாட்ட மேஜையில் நின்றவன் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஜோவெலினை அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லும். லூமெங் அக்காவின் வாசலில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

அப்போது தேரின் பக்கத்திலிருந்து ஒரு ஊன்றுகோலின் சத்தம் நெருங்கி வந்தது.

"தள்ளு" என்றார் கொன்ராடோ. அதட்டவில்லை. "கதவுல இருந்து கைய எடு, பெபெங். உள்ள இருக்கறது என் பொறுப்பு. நான் வெச்சது. நான் பாத்துக்கறேன். சுரூபத்த வெயில்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு என்ன பேச்சு? நடங்க."

என்ன வைத்தார், எதற்கு வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் தேருக்குப் பூ, மெழுகுவர்த்தி, தண்ணீர் எல்லாம் அவருடையது. மரக்கட்டை மறுபடி தட்டியது. காலடிகள் நகர்ந்தன. ஊன்றுகோல் மட்டும் ஜன்னலருகில் சற்று நேரம் நின்றது. இடுக்கு வழியாக அவருடைய சட்டையின் வெள்ளை தெரிந்தது. அவர் உள்ளே பார்க்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அவரும் போனார்.

சனிக்கிழமை டோரோ கொட்டகையைத் திறக்கவில்லை. கிளாரிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் புடிக்கல?" என்று மட்டும் கேட்டாள். "பந்தக் கையால புடிச்சிருக்கலாமே."

"புடிச்சிருக்கலாம்."

"அப்புறம்?"

அவன் தன் கையைப் பார்த்தான்.

உயிர்ப்பு ஞாயிறன்று அதிகாலைத் திருப்பலி முடிந்து, வாழையிலையில் கட்டி அவித்த பசையரிசிப் பலகாரத்தோடு கொன்ராடோ வந்தார். கூடத்து நாற்காலியில் உட்காருவது போலவே அவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். காப்பி குடித்தார். ஜோவெலின் வந்து அவர் புறங்கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய படிப்பை விசாரித்தார். மழை எப்போது வரும் என்றார். மணலுக்குப் புதுச் சட்டம் வரப்போகிறது என்றார்.

"பங்குச் சாமியாரு லூமெங்கக் கூப்பிட்டுக் கேட்டாராம்" என்றார் நடுவில். "நான் போயிப் பேசிட்டேன். அது முடிஞ்சுபோச்சு."

"கும்பாரே..." என்று டோரோ ஆரம்பித்தான்.

"நன்றியெல்லாம் சொல்லாத. நமக்குள்ள என்ன?"

அவ்வளவுதான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ஊர், எந்தத் திருவிழா என்று இல்லை. காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுப்படி வாசலில் நின்ற கிளாரிட்டா, மூச்சைப் பிடித்தபடி அவருடைய முதுகைப் பார்த்தாள். அவர் முற்றத்தைக் கடந்தார். டோரோ செய்து மாட்டிய புது வாயிற்கதவின் கொண்டியைத் தூக்கினார். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் தெரு.

ஒன்றும் கேட்காமல் போகிறார். உண்மையிலேயே போகிறார். டோரோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மார்பில் ஏறிய பயம் தான் எதிர்பார்த்த பயம் இல்லை என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது. இவர் இப்படியே போய்விட்டால், அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி யாருடன் ஆடுவது? பெபெங்குடனா?

"யாரு கூட?" என்றான்.

கொன்ராடோ உடனே திரும்பவில்லை. கொண்டியை மெதுவாகப் பழையபடி போட்டார்.

"கபனாத்துவான் ஊருப் பையன் ஒருத்தன்" என்றார். "இடது கைக்காரன். ரொம்ப மெல்ல அடிப்பான். நீ பாத்திருக்க மாட்ட."

அடுப்படிக்குள் கிளாரிட்டா ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மெல்லன்னா," என்றபடி டோரோ அவருக்கு மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டான், "எவ்வளவு மெல்ல?"